மீட்டர் பெட்டியிலிருந்து வண்டி வரை

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் பேருந்து ஏறும் யாரும் முப்பந்தலைப் பார்க்காமல் போக முடியாது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் மே மாதம் நுழையும் மேல்காற்று செப்டம்பர் வரை ஓய்வதில்லை. அதை நம்பி 1980களின் பிற்பாதியில் நடத் தொடங்கிய காற்றாலைகள் இன்று சுமார் 1500 மெகாவாட் திறனுக்கு வளர்ந்திருக்கின்றன. கிழக்கே கூடங்குளத்தில் தலா 1000 மெகாவாட் திறனுள்ள அணு உலைகள் இரண்டு ஓடுகின்றன. முதல் உலை 2013 அக்டோபரில் மின்தொகுப்போடு இணைந்தது. மேற்கே மலைமேல் கோதையாற்று நீர்மின் நிலையங்கள் இரண்டும் சேர்ந்து 100 மெகாவாட். இந்த மூன்றுக்கும் நடுவில் இருக்கிறது நாகர்கோவிலின் பழைய வணிகப் பகுதியான கோட்டாறு. மின்சாரம் பிறக்கும் இடத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் ஊர்கள் தமிழ்நாட்டில் குறைவு.

அப்படியிருந்தும் மின்கார் வாங்கலாமா என்று யோசிக்கும் கோட்டாற்றுக் குடும்பம் ஒவ்வொன்றும் முதலில் தடுக்கி நிற்பது ஒரே கேள்வியில்தான்: வீட்டில் சார்ஜ் போட முடியுமா? வண்டி ஓடுமா, பாட்டரி தாங்குமா என்ற பழைய கவலைகள் பெரும்பாலும் தீர்ந்துவிட்டன. 2020 ஜனவரியில் டாடா நெக்ஸான் மின்கார் சந்தைக்கு வந்தது. 2022 செப்டம்பரில் டியாகோ எட்டரை லட்ச ரூபாய்க்குத் தொடங்கியது. 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் தொழிற்சாலை திறக்கப்பட்டு, அடுத்த மாதமே அதன் கார்கள் விற்பனைக்கு வந்தன. நாஞ்சில் நாட்டுக்காரர் அன்றாடம் போய்வரும் தூரமும் பெரிதில்லை. கன்னியாகுமரி இருபது கிலோமீட்டருக்குள், மார்த்தாண்டம் முப்பது, திருவனந்தபுரம் எழுபதுக்குள், திருநெல்வேலி எண்பது. நடுத்தரப் பாட்டரி உள்ள கார்கூட திருவனந்தபுரம் போய்த் திரும்பிவிடும். ஆகவே முழுக் கணக்கும் இரவு வண்டி நிற்கும் இடத்துக்கு வந்து சேர்கிறது. மீட்டர் பெட்டியிலிருந்து வண்டி வரை இருக்கும் முப்பது அடி யாருடையது, அதில் ஓடும் வயர் எப்படிப்பட்டது, அந்த வயரில் வரும் யூனிட்டுக்கு என்ன விலை என்ற மூன்றும்தான் கோட்டாற்றில் மின்காரின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கப் போகின்றன என்பது என் முடிவு. முதலிரண்டைப் பற்றி ஷோரூமில் யாரும் விரிவாகப் பேசுவதில்லை.

எவ்வளவு கரண்டு வேண்டும் என்பதிலிருந்து தொடங்கலாம். நம் ஊர்ச் சாலையில் ஓடும் சிறிய, நடுத்தர மின்கார்கள் சுவரிலிருந்து எடுக்கும் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் ஓடும். ஏற்றும்போது வெப்பமாகப் போகும் பத்துப் பதினைந்து விழுக்காடும் இதில் அடக்கம். நாளொன்றுக்கு நாற்பது கிலோமீட்டர் ஓடுபவருக்கு ஏழு யூனிட் போதும். காரோடு தரும் கையடக்க சார்ஜரை 15 ஆம்பியர் பிளக்கில் மாட்டினால் மணிக்கு இரண்டரையிலிருந்து மூன்று யூனிட் வரை ஏறும். அதாவது அன்றாட ஓட்டத்துக்கு மூன்று மணி நேரம். பாட்டரி முழுக்கக் காலியாகி முழுக்க நிரப்ப வேண்டிய நாள்தான் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கேட்கும். அப்படிப்பட்ட நாள் மாதத்தில் ஒன்றிரண்டு வந்தாலே அதிகம். சுவரில் பதிக்கும் 7.2 கிலோவாட் சார்ஜர் இருந்தால்தான் மின்கார் வாங்க முடியும் என்று நினைப்பவர்கள் நிறைய. பெரிய பாட்டரி வண்டிக்கும், தினம் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடுபவருக்கும் அது தேவை. மற்றவர்களுக்கு ஒழுங்காகப் போட்ட ஒரு 15 ஆம்பியர் பாயிண்ட் போதுமானது.

ஒழுங்காகப் போட்ட என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. நம் வீடுகளில் 15 ஆம்பியர் பிளக்கை கிரைண்டருக்கும் கீசருக்கும் அயர்ன் பாக்ஸுக்கும் பயன்படுத்துகிறோம். அவை அரை மணி நேரம் ஓடி நின்றுவிடும்; பிளக் சூடானாலும் ஆறிவிடும். கார் அப்படியில்லை. பன்னிரண்டு ஆம்பியர் அளவில் இடைவிடாமல் மணிக்கணக்கில் இழுக்கும். தளர்ந்த திருகாணி ஒன்று, தேய்ந்த பிளக் முனை ஒன்று, நடுவில் டேப் சுற்றி ஒட்டிய இணைப்பு ஒன்று இருந்தால் போதும். நள்ளிரவில் அந்த இடம் இளகத் தொடங்கும். கோட்டாற்றின் பழைய வீடுகளில் மரச் சட்டத்தின் மேல் ஓட்டிய வயரிங் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அதில் ஃபேனும் விளக்கும் பிழையில்லாமல் எரியலாம். அதே வயரிலிருந்து ஒரு பிளக்கைக் கிளைத்து எடுத்துக் காருக்குக் கொடுப்பது ஆபத்து. மெயின் போர்டிலிருந்து வேறு எதற்கும் கிளை பிரியாத தனி வயர் வர வேண்டும். 15 ஆம்பியர் பாயிண்டுக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, 7.2 கிலோவாட் சார்ஜருக்கு 6 சதுர மில்லிமீட்டரோ, தூரம் கூடினால் 10-ஓ. அந்த வயருக்கென்று, சுமை மிஞ்சினால் துண்டிக்கும் தனி எம்.சி.பி. வேண்டும்.

அதோடு ஆர்.சி.சி.பி. எனப்படும் கசிவு பிடிக்கும் சுவிட்சும் வேண்டும். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறை இதைத் தெளிவாகவே சொல்கிறது: 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும், குறைந்தது ஏ வகைச் சுவிட்ச் இருக்க வேண்டும், பிளக் தரையிலிருந்து 800 மில்லிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும், எக்ஸ்டென்ஷன் பெட்டி கூடவே கூடாது. வகையைச் சொல்லிக் கேட்டு வாங்குவது முக்கியம். நம் கடைகளில் வழக்கமாகக் கிடைப்பது ஏ.சி. வகை. காரின் சார்ஜரிலிருந்து நேர்மின்சாரம் கலந்த கசிவு வந்தால் அந்த வகை அதை உணராமல் போகக்கூடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருத் தண்ணீர் வாசல்படி ஏறும் ஊரில் 800 மில்லிமீட்டர் என்ற அளவையும் சம்பிரதாயமாக நினைக்க வேண்டாம்.

இனி எர்த். வீட்டு மின்னேற்றத்தில் கோட்டாறு மட்டுமல்ல, தமிழ்நாடு முழுவதும் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். ஷோரூமில் ஒழுங்காக ஏறிய வண்டி வீட்டில் மாட்டியதும் சார்ஜர் சிவப்பு விளக்கு காட்டி நின்றுவிடுகிறது என்ற புகார் பெரும்பாலும் வண்டியின் பிழையாக இருப்பதில்லை. மின்சாரம் விடுமுன் சார்ஜர் எர்த் இருக்கிறதா, சரியாக இருக்கிறதா என்று தானாகச் சோதிக்கிறது, இல்லையென்றால் மறுக்கிறது. டி.வி.யும் மிக்ஸியும் அப்படிக் கேட்பதில்லை என்பதால், மூன்றாம் முனையில் ஒன்றுமே இல்லாத பிளக்கோடு வீடுகள் பல்லாண்டு ஓடிவிடுகின்றன. வீடு கட்டியபோது குழி தோண்டிக் குழாய் இறக்கி உப்பும் கரியும் போட்டு மூடியிருப்பார்கள். அதன் பிறகு அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. குழாய் துருப்பிடித்திருக்கும், தரைக்கு டைல்ஸ் போட்டபோது எர்த் கம்பியை வெட்டியிருப்பார்கள். பழையாற்றின் ஈரம் எட்டும் மண்ணில் மழைக்காலத்தில் எர்த் நன்றாக இருக்கும். பங்குனி, சித்திரை வெயிலில் அதே குழியின் மின்தடை ஏறிவிடும். ஆகவே கோடையில் அளந்து பார்த்த எர்த்தைத்தான் நம்பலாம். 5 ஓமுக்குக் கீழே இருந்தால் கவலையில்லை.

சார்ஜர் மறுத்ததும் சிலர் செய்யும் ஒரு வேலையைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். பிளக்குக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுகிறார்கள். சார்ஜர் ஏமாந்து பச்சை விளக்கு காட்டும், கார் ஏறும். ஆனால் அந்த வழியில் எங்காவது நியூட்ரல் அறுந்தாலோ, மழைநாளில் கம்பத்தில் வேலை நடந்து ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறினாலோ, காரின் இரும்பு உடல் முழுவதும் 230 வோல்ட் ஏறி நிற்கும். கார் நான்கு ரப்பர் டயரின் மேல் நிற்பதால் அந்த மின்சாரம் தரைக்கு இறங்க வழியில்லை. ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று கதவைத் திறக்கும் குழந்தையின் உடல்தான் அதற்கு வழியாகும். இந்தத் துண்டு வயரை எந்த வயர்மேன் சிபாரிசு செய்தாலும் ஏற்கக் கூடாது. புது எர்த் குழி போட ஆகும் சில ஆயிரம் ரூபாய், வண்டி விலைக்கு முன் ஒன்றுமே இல்லை. எர்த் சிக்கல் நம் நாட்டுக்கு மட்டும் உரியதும் இல்லை. 2024-இல் விற்ற புதிய கார்களில் பத்தில் ஒன்பது மின்காராக இருந்த நார்வேயில், பல பகுதிகளின் மின்வழங்கல் எர்த்தைக் கையாளும் முறை வேறு என்பதால், ரெனோ ஸோயி என்ற கார் பல வீடுகளில் ஏற மறுத்தது. அங்கே அதை முறையாகச் சரிசெய்தார்கள்.

வீட்டுக்குள் வைத்து ஏற்றுவதன் ஆபத்தைத் தமிழ்நாடு ஒருமுறை கண்ணால் பார்த்தது. 2022 மார்ச்சில் வேலூரில் இரவு வீட்டில் சார்ஜில் போட்டிருந்த மின்ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் மகளும் இறந்தார்கள். அந்த ஆண்டு நாட்டில் நடந்த பல தீ விபத்துகளுக்குப் பிறகு பாட்டரிகளுக்கான ஏ.ஐ.எஸ். 156, ஏ.ஐ.எஸ். 038 தரவிதிகள் கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தன. கார் பாட்டரிகள் ஸ்கூட்டர் பாட்டரிகளைவிடக் கட்டுக்கோப்பானவை. பல கார்களில் இருக்கும் இரும்பு பாஸ்பேட் வகை எளிதில் பற்றுவதில்லை. என்றாலும் கோட்டாற்றின் நீள நெடுக்கு வீடுகளில் தெருவாசல் ஒன்றே வெளியேறும் வழியாக இருக்கும் நிலையில், அந்த வழியை அடைத்துக்கொண்டு எந்த வண்டியையும் ராத்திரி சார்ஜில் விடக் கூடாது. ஸ்கூட்டருக்குத்தான் இந்த எச்சரிக்கை அதிகம் பொருந்தும்; அதைத்தான் நடைக்குள் ஏற்றி நிறுத்துகிறோம்.

வீட்டுக்குள் சரியாகிவிட்டால் அடுத்தது ஈ.பி. தமிழ்நாட்டில் 4 கிலோவாட் வரை ஒரு ஃபேஸ் இணைப்பு. அதற்கு மேல் மூன்று ஃபேஸ். ஒரு ஃபேஸ் வீட்டில் ஏ.சி., மோட்டார், கீசர் எல்லாம் ஏற்கெனவே இருக்க, அதன் மேல் 3 கிலோவாட் காரைச் சேர்த்தால், எழுதிக்கொடுத்த மின்சுமையை வீடு தாண்டிவிடும். மின்சுமையைக் கூட்டிக் கேட்டு விண்ணப்பிப்பதே முறை. வீட்டு இணைப்புகளுக்கு நிலைக்கட்டணம் 2022 கட்டண மாற்றத்தோடு நீங்கிவிட்டதால், சுமையைக் கூட்டினால் பில்லும் கூடும் என்று பயப்பட வேண்டியதில்லை; ஒருமுறை கட்டும் வளர்ச்சிக் கட்டணமும் முன்வைப்புத் தொகையும்தான் கூடும். சொல்லாமல் காரை மாட்டுவதால் பாதிக்கப்படுவது தெரு. ஒரு டிரான்ஸ்பார்மரின் கீழே இருக்கும் வீடுகளில் பத்துக் கார்கள் மாலை ஏழு மணிக்கு ஒன்றாக ஏறத் தொடங்கினால் 30 கிலோவாட். அதே நேரத்தில்தான் ஏ.சி.யும் சமையலும் தொலைக்காட்சியும். எங்கே எவ்வளவு சுமை கூடுகிறது என்று மின்வாரியத்துக்குத் தெரிந்தால்தான் டிரான்ஸ்பார்மரை மாற்றத் திட்டமிட முடியும். இல்லையென்றால் தெருக்கோடி வீட்டில் வோல்டேஜ் இறங்கும். காரில் நேரம் குறித்து வைக்கும் வசதி உண்டு. இரவு பதினொன்றுக்குத் தொடங்கு என்று ஒருமுறை சொல்லி வைத்தால் போதும். பிரிட்டனில் 2022 ஜூன் முதல் விற்கும் வீட்டுச் சார்ஜர்கள் உச்ச நேரத்தைத் தவிர்த்து ஏற்றும்படியே முன்கூட்டி அமைக்கப்பட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

விலைக்கு வருவோம். மின்கார் விளம்பரங்கள் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் என்று சொல்லும். தமிழ்நாட்டு வீடுகளில் அது பாதி உண்மை. நம் வீட்டுக் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, படிப்படியாக ஏறுவது. 2016 மே முதல் முதல் 100 யூனிட் இலவசம். ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஜூலையில் அறிவித்த விகிதத்தில் 400 யூனிட் வரை 4 ரூபாய் 80 காசு. 500 வரை 6.45, 600 வரை 8.55, 800 வரை 9.65, ஆயிரம் வரை 10.70, அதற்கு மேல் 11.80. மானியம் கழிந்து பில்லில் இது சற்றுக் குறையும். 2025 ஜூலை உயர்வையும் வீடுகளுக்கு அரசே ஏற்றுக்கொண்டது. மொத்தம் 500-ஐத் தாண்டாத வீட்டுக்கு 101 முதல் 200 வரையிலான யூனிட் பாதி விலைக்குக் கிடைக்கிறது. 501 ஆனதும் அந்தச் சலுகை முழுவதும் போய்விடுகிறது.

மாதம் 900 கிலோமீட்டர் ஓடும் கார் இரண்டு மாதத்தில் 300 யூனிட் எடுக்கும். இந்த 300 யூனிட் மூன்று வீடுகளில் மூன்று விலை பெறுகிறது. ஏ.சி. இல்லாமல் 180 யூனிட்டில் முடியும் வீட்டில் கார் வந்ததும் 480 ஆகிறது. காரின் யூனிட் ஒவ்வொன்றுக்கும் சராசரியாக 5 ரூபாய். ஏற்கெனவே 350 எடுக்கும் வீடு 650-க்குப் போகிறது. காரின் யூனிட் 8 ரூபாய். இரண்டு ஏ.சி.யோடு 900 எடுக்கும் வீடு 1200-ஐத் தொடும்போது காரின் யூனிட் 11 ரூபாயைத் தாண்டுகிறது. கிலோமீட்டருக்கு என்று வகுத்தால் முதல் வீட்டில் 85 காசு, இரண்டாவதில் ஒன்றேகால் ரூபாய்க்கு மேல், மூன்றாவதில் ஏறக்குறைய 2 ரூபாய். லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல் விற்கும் பெட்ரோலில் பதினைந்து கிலோமீட்டர் தரும் கார் கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 60 காசுக்குக் குறையாமல் கேட்கிறது. ஆகவே மூன்று வீட்டுக்கும் லாபம் உண்டு. பொதுச் சார்ஜ் நிலையங்களின் வேகமான சார்ஜர்களில் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து யூனிட்டுக்கு 20 ரூபாய் அளவில் போகும்போது லாபம் நன்றாகவே தேய்கிறது. வீட்டில் ஏற்ற முடிந்தவருக்கு மின்கார் மலிவு. முடியாதவருக்கு அந்த மலிவு கிடைப்பதில்லை.

இரண்டாவது வீட்டுக் கணக்கு எனக்கு வருத்தம் தருகிறது. படிப்படியான கட்டணம் ஏழைக்குக் குறைவாகவும் வீணடிப்பவருக்கு அதிகமாகவும் என்ற நல்ல எண்ணத்தில் வந்தது. பெட்ரோலை விட்டுவிட்டு மின்சாரத்துக்கு வருபவரை அது வீணடிப்பவராக எண்ணித் தண்டிக்கிறது. நள்ளிரவில் யாரும் கேட்காத நேரத்தில் எடுக்கும் யூனிட்டுக்கும், மாலை ஏழு மணிக்கு எடுக்கும் யூனிட்டுக்கும் ஒரே விலை என்பதும் சரியில்லை. பக்கத்து நாடும் பக்கத்து மாநிலமும் இதைக் கையாண்டிருக்கின்றன. இலங்கையில் 2015 வாக்கில் ஆயிரக்கணக்கான நிசான் லீஃப் கார்கள் இறக்குமதியானபோது, அந்நாட்டு மின்சார சபை வீடுகளுக்கு நேரவாரிக் கட்டணத்தைக் கொண்டுவந்தது: இரவு பத்தரை முதல் காலை ஐந்தரை வரை யூனிட்டுக்கு 13 ரூபாய், மாலை உச்ச நேரத்தில் 54 ரூபாய். வேறெதுவும் சொல்லாமலே கார்கள் நள்ளிரவுக்கு நகர்ந்துவிடும் விலை அது. களியக்காவிளை தாண்டினால் கேரளம்.  அங்கே மாதம் 250 யூனிட்டுக்கு மேல் எடுக்கும் வீடுகளுக்குப் பகலில் 10 விழுக்காடு குறைவு, மாலை 6 முதல் 10 வரை 25 விழுக்காடு அதிகம் என்று 2024 டிசம்பர் ஆணை வகுத்திருக்கிறது. மத்திய அரசின் 2023 ஜூன் திருத்த விதியும் இதே திசையில்தான் போகிறது, ஸ்மார்ட் மீட்டர் வந்த வீடுகளுக்கு. தமிழ்நாட்டிலும் காருக்கென்று தனி மீட்டர், அதில் படி இல்லாத இரவு விலை ஒன்று என்று வகுக்க வேண்டும். மின்கார் வைத்திருப்பவர் விரும்பினால் அதற்கெனத் தனி இணைப்பு கேட்கலாம் என்று 2024 பிப்ரவரியில் திருத்திய நுகர்வோர் உரிமை விதி ஏற்கெனவே சொல்கிறது. இணைப்பைக் கேட்கும் உரிமை வந்துவிட்டது. அதைப் பயனுள்ளதாக்கும் விலை வரவில்லை.

கூரை மேல் சூரியத் தகடு இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்க்கும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம். நல்ல வெயில் நாளில் அது பன்னிரண்டு யூனிட் தரும். வாரியத்துக்குத் திருப்பி அனுப்பும் யூனிட் பில்லில் கழிவதால், முதலில் கழிவது மேல்படியின் விலை உயர்ந்த யூனிட்கள். இரண்டாவது வீட்டில் கார் ஏற்றிய சுமை முழுவதையும் அது இறக்கிவிடும். ஆனால் நாஞ்சில் நாட்டுக்கு இரண்டு மழைக்காலம். ஆனி, ஆடிச் சாரலிலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் தகடு சோர்ந்துவிடும். ஓட்டுக் கூரையும் தென்னை நிழலும் உள்ள வீடுகளில் தகடு வைக்க இடம் கிடைப்பதும் எளிதில்லை. தகடு சோரும் ஆனி, ஆடியில்தான் முப்பந்தல் முழு மூச்சில் சுழல்கிறது என்பது இந்த மாவட்டத்தின் பேறு. இரவு விலை ஒன்று வந்தால் அந்தக் காற்றில் ஒரு பங்கு நம் கார்களுக்குள் போகும்.

புயலைப் பற்றியும் ஒரு சொல். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி அடித்தபோது இந்த மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. அப்படியொரு நாளில் மின்கார் வைத்திருப்பவர் என்ன செய்வார் என்ற கேள்வி நியாயமானது. புயல் எச்சரிக்கை வந்ததும் முழுக்க நிரப்பி வைப்பதுதான் பதில். நூறு விழுக்காடு இருந்தால் மருத்துவமனைக்கும் உறவினர் வீட்டுக்கும் ஒரு வாரம் ஓடலாம். 2023-க்குப் பிறகு வந்த நெக்ஸான் உள்ளிட்ட சில கார்கள் பாட்டரியிலிருந்து 3.3 கிலோவாட் வரை வெளியே கொடுக்கும். ஒரு ஃபிரிட்ஜ், நாலு விளக்கு, இரண்டு ஃபேன், போன்கள் என்று ஒரு வீடு அதைக் கொண்டு இரண்டு மூன்று நாள் தாக்குப்பிடிக்கும். ஒக்கியைக் கண்ட மாவட்டத்தில் இந்த வசதியைப் பார்த்து வாங்குவது நல்லது.

இதுவரை சொன்னதெல்லாம் சொந்தமாக வண்டி நிறுத்த இடமுள்ள வீடுகளுக்கு. கோட்டாற்றின் பெரிய கேள்வி மற்றவர்களுடையது. சந்தையைச் சுற்றிய பழைய வணிகத் தெருக்களிலும், இளங்கடை, இடலாக்குடிப் பக்கத்துத் தெருக்களிலும் வீட்டோடு வீடு சுவர் ஒட்டி நிற்கிறது. படிப்புரையை விட்டு இறங்கினால் தெரு. பல வீடுகளுக்குப் பின்பக்கம் முடுக்கு. அதில் ஸ்கூட்டர் போகும், கார் போகாது. கார் வைத்திருப்பவர்கள் தெருமுனையிலோ தெரிந்தவர் வளவிலோ நிறுத்துகிறார்கள். சன்னல் வழியாக வயரை இறக்கித் தெருவைத் தாண்டி ஏற்றுவது சட்டப்படியும் பாதுகாப்புப்படியும் முடியாத காரியம். புதிதாகக் கட்டும் கட்டடங்களில் வண்டி நிறுத்தும் இடத்தில் ஐந்தில் ஒரு பங்குக்காவது மின்னேற்ற வசதி வேண்டும் என்று மத்திய நகர்ப்புற அமைச்சகம் 2019 பிப்ரவரியில் மாதிரி விதியைத் திருத்தியது. நூறாண்டுத் தெருவுக்கு அதனால் பயனில்லை.

கேரள மின்வாரியம் 2021-இல் கோழிக்கோட்டில் சோதித்துப் பார்த்து, பிறகு மாநிலம் முழுவதும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்களிலேயே சார்ஜ் பாயிண்ட் பொருத்தியது. அவை ஆட்டோவுக்கும் ஸ்கூட்டருக்கும் என்று வைத்தவை. லண்டனில் தெருவிளக்குக் கம்பங்களில் காருக்கே பாயிண்ட் வைத்திருக்கிறார்கள். இரவு முழுவதும் மெதுவாக ஏறும். நம் சந்தைத் தெருக்களில் கம்பத்தின் அடியில் ஒரு காரை இரவெல்லாம் நிறுத்தினால் விடியற்காலைச் சரக்கு லாரி திரும்ப முடியாது. ஆகவே கம்ப வழி கோட்டாற்றில் ஸ்கூட்டருக்கும் ஆட்டோவுக்கும் ஒத்துவரும். காருக்கு வராது என்றே நினைக்கிறேன்.

காருக்கு இடம் கோட்டாற்றிலேயே இருக்கிறது. பகலில் சரக்கு ஏற்றி இறக்கும் கிட்டங்கிகளின் முற்றங்கள் இரவில் வெறுமையாகக் கிடக்கின்றன. நாகர்கோவில் சந்திப்பு ரயில் நிலையம் கோட்டாற்றில்தான். அதன் வண்டி நிறுத்துமிடம் இரவில் பெரும்பாலும் காலி. 2019-இல் மாநகராட்சியான நாகர்கோவிலுக்குச் சொந்தமான இடங்களும் உண்டு. மின்னேற்றம் ஒரு சேவை, அதை நடத்த மின்சாரச் சட்டப்படி உரிமம் தேவையில்லை என்று மத்திய மின்துறை 2018 ஏப்ரலிலேயே தெளிவாக்கிவிட்டது. ஆகவே கிட்டங்கி முதலாளி ஒருவர் தன் முற்றத்தில் பத்து 3.3 கிலோவாட் பாயிண்ட் வைத்து, சுற்றுத்தெருக் குடும்பங்களுக்கு மாதக் கட்டணத்தில் இரவில் நிறுத்த இடம் கொடுக்கலாம். வீட்டு இணைப்பிலிருந்து காசுக்கு விற்கக் கூடாது. பொதுச் சார்ஜ் நிலையம் என்ற வகையில் தனி இணைப்பு வாங்க வேண்டும். அந்த வகைக்குப் படிக்கட்டண ஏற்றம் கிடையாது, நேரத்துக்கேற்ப மாறும் விலைதான். பத்துக் கார் ஒன்றாக ஏறினாலும் 33 கிலோவாட். அதற்கு உயரழுத்த இணைப்பு வேண்டாம், சாதாரண மூன்று ஃபேஸ் போதும். வேகமான சார்ஜருக்கு ஆகும் முதலீட்டில் சிறு பங்கிலேயே இது முடிந்துவிடும். காலை ஆறு மணிக்கு வண்டிகள் வெளியேறினால் ஏழு மணிக்குச் சரக்கு வந்திறங்கலாம்.

இதற்கு வணிகர்களும் மாநகராட்சியும் மின்பகிர்மானக் கழகமும் ஒருமுறை உட்கார்ந்து பேச வேண்டும். எந்தெந்த டிரான்ஸ்பார்மரில் இரவு எவ்வளவு இடம் மிச்சம் என்ற கணக்கு கழகத்திடம் இருக்கிறது. எந்தெந்த முற்றம் இரவில் காலி என்பது கடைக்காரர்களுக்குத் தெரியும். எந்தத் தெருவில் எத்தனை கார்கள் நிறுத்த இடமில்லாமல் நிற்கின்றன என்பதை வார்டு வாரியாக எண்ணிவிடலாம். வேகச் சார்ஜர் நிலையங்களை நெடுஞ்சாலையோரம் திறக்கும் அக்கறையில் ஒரு பங்கை இந்தக் கணக்குக்குக் கொடுத்தால், இளங்கடையில் முடுக்கு வீட்டில் குடியிருப்பவரும் யூனிட்டுக்கு 20 ரூபாய் கொடுக்காமல் மின்கார் ஓட்டலாம்.